முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் ஜனநாயகம்: கூடலூர் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூரில் ஒரு நூலகத்தின் மாடியில் ஞாயிறு காலைகளில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். நான் ஊட்டியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடம் நடத்துகிறவள். பிறந்தது இங்கேதான், ஒரு ராவுத்தர் வீட்டில். வகுப்புக்கு வருகிறவர்களில் எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் உண்டு. அரை ஏக்கர் தேயிலை வைத்துக் கொழுந்து விற்கிறவர்கள் உண்டு. சவூதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர் ஒருவர், சின்ன வயதில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்த தாத்தா ஒருவர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் ஜனநாயகம், ஆட்சிமுறை, மனித உரிமை பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைத்தான் இந்த வருடம் படிக்கிறோம். சில கேள்விகள் ஒவ்வொரு வாரமும் திரும்பி வருகின்றன. நடுவட்டம் ரோட்டில் மரம் விழுந்து வர முடியாமல் போனவர்களுக்கும் சேர்த்து அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

இது மத ஆராய்ச்சியா, அரசியல் ஆராய்ச்சியா?

அரசியல் ஆராய்ச்சி. சட்டத்தை யார் இயற்றுகிறார்கள், ஓட்டை யார் எண்ணுகிறார்கள், நீதிபதியை யார் நியமிக்கிறார்கள், போலீஸைக் கேள்வி கேட்க முடியுமா, கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர் ராத்திரி வீடு திரும்புவாரா? இவைதான் விஷயம். மதம் இதற்குள் வரும், ஆனால் பல காரணங்களில் ஒன்றாகத்தான் வரும்.

முஸ்லிம்கள் பாதிக்கு மேல் இருக்கும் நாடுகள் உலகில் ஏறக்குறைய ஐம்பது. அவற்றில் மன்னராட்சி உண்டு, ராணுவ ஆட்சி உண்டு, மதகுருமார் ஆட்சி உண்டு, ஒழுங்காகத் தேர்தல் நடத்தி ஆட்சி மாறுகிற நாடுகளும் உண்டு. கொசோவோவையும் சவூதியையும் ‘முஸ்லிம் நாடு’ என்று ஒரே பெயரில் அடக்குவது, சமவெளிக்காரர்கள் நம் எல்லோரையும் ‘ஊட்டிக்காரங்க’ என்று சொல்வதைப் போன்றது. தோடர், படகர், பணியர், குறும்பர், மாப்பிள்ளைமார், செட்டிமார், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் என்று நமக்குள் எத்தனை வாழ்க்கை என்பது நமக்குத்தானே தெரியும்.

இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா, போகாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் டீச்சர்.

போகும். ஒத்துப்போய் நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்று. 1998 மே மாதம் அதிபர் சுகார்த்தோ பதவி விலகியபோது அவர் 32 வருடம் ஆண்டு முடித்திருந்தார். அடுத்த வருடமே 48 கட்சிகள் போட்டியிட்ட தேர்தல் நடந்தது. 1999 முதல் 2002 வரை அரசியலமைப்பை நான்கு முறை திருத்தினார்கள். 2004-ல் மக்கள் முதல்முறையாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திருத்தங்களின்போது, முஸ்லிம்கள் ஷரீஅத்தை, அதாவது இஸ்லாமியச் சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற வாசகத்தை அரசியலமைப்பில் சேர்க்கச் சில கட்சிகள் முயன்றன. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் அந்த நாட்டின் இரண்டு பெரிய முஸ்லிம் அமைப்புகளின் தலைவர்கள். 1912-ல் தொடங்கிய முகமதியா ஒன்று, 1926-ல் தொடங்கிய நஹ்ததுல் உலமா மற்றொன்று. மார்க்கக் கல்வி நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியவர்கள், ‘இதை அரசிடம் கொடுக்க வேண்டாம்’ என்றார்கள். என் மாணவர்களுக்கு இந்த இடத்தை நான் இரண்டு முறை சொல்வேன்.

செனகலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முஸ்லிம்கள். 1960-ல் சுதந்திரம் பெற்றபோது அவர்களின் முதல் அதிபர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர். இருபது வருடம் இருந்துவிட்டுத் தானாகவே விலகினார். அங்கே ராணுவம் இதுவரை ஆட்சியைப் பிடித்ததில்லை. 2000, 2012, 2024 ஆகிய மூன்று முறை ஓட்டு மூலம் ஆட்சி கைமாறியது. 2024 பிப்ரவரியில் அதிபர் மக்கி சால் தேர்தலைத் தள்ளிப்போடப் பார்த்தார். அரசியலமைப்புப் பேரவை அது செல்லாது என்றது. மார்ச்சில் தேர்தல் நடந்தது. பத்து நாள் முன்பு வரை சிறையில் இருந்த பசிரூ தியோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். அங்கே தரீக்காக்கள் எனப்படும் சூஃபி ஆன்மிக அமைப்புகளுக்கு மக்களிடம் பெரிய செல்வாக்கு. அந்தச் செல்வாக்கு அரசைக் கைப்பற்றப் போகவில்லை, அரசும் தரீக்காக்களை நசுக்கவில்லை. ஆல்ஃபிரட் ஸ்டெபான் என்ற அறிஞர் இதற்கு ‘இரட்டைச் சகிப்புத்தன்மை’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் வேலையில் மதம் கைவைக்காது, மக்களின் மத வாழ்க்கையில் அரசு கைவைக்காது. எந்த மதம் என்பது அவர் கணக்கில் இரண்டாவது விஷயம்.

இந்த நாடுகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜகார்த்தா ஆளுநராக இருந்த பாசுகி என்ற சீன வம்சாவளிக் கிறிஸ்தவர் மதநிந்தனைக் குற்றச்சாட்டில் 2017-ல் இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். ஊழல் ஒழிப்பு ஆணையத்தின் பல்லை 2019-ல் சட்டம் போட்டே பிடுங்கினார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ‘ஒத்துப்போகுமா’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த நாட்டில், இந்த வருடத்தில், அதிகாரம் யார் கையில் எப்படிச் சேர்ந்தது’ என்று கேளுங்கள். அப்போது விடை கிடைக்கும் கேள்வி உங்கள் கையில் இருக்கும்.

உலமாக்கள் எப்போதும் அரசன் பக்கம்தானே நின்றார்கள்?

எப்போதும் இல்லை. துருக்கியில் பிறந்த அரசியல் அறிஞர் அஹ்மத் குரு இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இஸ்லாத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் பெரும்பாலான உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், வியாபாரத்திலோ வியாபாரிகளின் உதவியிலோ வாழ்ந்தார்கள், அரசனிடம் சம்பளம் வாங்கவில்லை. பதினோராம் நூற்றாண்டை ஒட்டித்தான் உலமாக்களும் அரசும் கைகோத்தார்கள், அதன் விலை பின்னால் தெரிந்தது என்பது அவர் வாதம்.

எங்கள் ராவுத்தர் வீடுகளில் ஹனஃபி மத்ஹப், அதாவது இமாம் அபூ ஹனீஃபாவின் சட்ட மரபு. அவர் துணி வியாபாரி. கலீஃபா மன்சூர் கொடுத்த நீதிபதி பதவியை வேண்டாம் என்றார், அதற்காகச் சிறைக்குப் போனார் என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்டிருக்கிறேன். அரசியல் அறிவியல் படித்த பிறகுதான் அந்தக் கதையின் கனம் எனக்குப் புரிந்தது.

அப்படியானால் அரபு நாடுகளில் மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

2003-ல் ஸ்டெபானும் கிரேம் ராபர்ட்சனும் இதைத்தான் எண்ணிப் பார்த்தார்கள். முஸ்லிம் நாடுகளை அரபு, அரபு அல்லாதவை என்று பிரித்ததும் படம் மாறியது. வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அரபு அல்லாத முஸ்லிம் நாடுகள் தேர்தல் விஷயத்தில் மற்ற ஏழை நாடுகளை விடப் பின்தங்கவில்லை. பள்ளம் அரபு நாடுகளில்தான் இருந்தது. இரண்டிலும் குர்ஆன் ஒன்றுதான். அப்படியென்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒரு காரணம் எண்ணெய். இதை எங்கள் வகுப்பில் எஸ்டேட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு எஸ்டேட்டுடையது. தண்ணீர், ஆஸ்பத்திரி, பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகை எல்லாம் எஸ்டேட்டுடையது. துரை முகத்தைப் பார்த்துத்தான் எல்லாமே நடக்கும். அந்தக் காலத்தில் சங்கம் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். எண்ணெய் அரசும் அதே மாதிரிதான். மக்களிடம் வரி வாங்கி நடக்கிற அரசு, மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நிலத்தடியிலிருந்து பணம் வந்தால் அரசு கொடுக்கிற கையாக மாறிவிடுகிறது. கொடுக்கிற கையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஈரானைப் பற்றி 1970-லேயே ஹுசைன் மஹ்தவி இந்தக் கருத்தை எழுதினார். பிறகு மைக்கேல் ராஸ் பல நாடுகளின் கணக்கை வைத்து, எண்ணெய் வருமானத்துக்கும் சர்வாதிகாரத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்.

எண்ணெய் பெரிதாக இல்லாத எகிப்தில் ராணுவம். அந்த ராணுவத்துக்கென்று தொழிற்சாலைகளும் நிலமும் வியாபாரமும் இருக்கின்றன. 2012-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முர்சியை 2013 ஜூலையில் ராணுவம் இறக்கியது. அப்புறம் வெளிநாடுகளின் கையும் உண்டு. 1953-ல் ஈரானில் பிரதமர் முசாதிக்கின் அரசைக் கவிழ்த்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் பங்கு இன்று ஆவணங்களிலேயே இருக்கிறது.

துனீசியா நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது.

2010 டிசம்பர் 17. சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது புவாசிசி, அதிகாரிகள் தன் தராசைப் பிடுங்கிக்கொண்டு அவமானப்படுத்தியதற்காகத் தன்னையே கொளுத்திக்கொண்டார். நான்கு வாரத்தில், 2011 ஜனவரி 14 அன்று, 23 வருடம் ஆண்ட பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அக்டோபரில் அரசியலமைப்பு சபைக்குத் தேர்தல். அதிக இடம் வென்றது என்னஹ்தா என்ற இஸ்லாமியக் கட்சி. 2013-ல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும் நாடு பிளவுபடப் பார்த்தது. அப்போது தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தன. என்னஹ்தா ஆட்சியைக் கட்சி சாராத அமைச்சரவையிடம் கொடுத்துவிட்டு இறங்கியது. 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்பு வந்தது. 216 பேரில் 200 பேர் ஆதரித்தார்கள். அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

பிறகு? வேலை வரவில்லை. அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. தள்ளுவண்டிக்காரரின் ஊரில் பிள்ளைகள் அதே டீக்கடையில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். 2019-ல் பெரிய வெற்றியோடு அதிபரான கைஸ் சயீத், 2021 ஜூலை 25 அன்று நாடாளுமன்றத்தை முடக்கினார். அன்று ராத்திரி தெருவில் பலர் கொண்டாடினார்கள். 2022-ல் அவர் எழுதிய அரசியலமைப்பு பொதுவாக்கெடுப்புக்குப் போனது. ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பேர். 2023 ஏப்ரலில் என்னஹ்தா தலைவர் ராஷித் கன்னூஷியைக் கைது செய்தார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டும் இடங்களில் ஒன்று மிகச் சிறியது. ஒரு வருடத்துக்குள் அரசியலமைப்பு நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று 2014 அரசியலமைப்பு சொன்னது. யார் நீதிபதி என்பதில் கட்சிகளுக்குள் ஒத்துவரவில்லை, நீதிமன்றம் அமையவே இல்லை. 2021-ல் ‘இது செல்லாது’ என்று சொல்ல வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. செனகலில் அந்த நாற்காலியில் ஆள் இருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மதம் எங்கே வருகிறது?

தேர்தல் ஒழுங்காக நடந்தால் மனித உரிமை தானாக வந்துவிடாதா?

வராது. இதற்கு எங்கள் வகுப்புக்கு வரும் அந்த இலங்கைத் தாத்தாதான் பதில் சொன்னார். அவருடைய அப்பா, அம்மா இலங்கையில் கொழுந்து பறித்தவர்கள். சுதந்திரம் கிடைத்த 1948-லேயே அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள், பிறகு ஓட்டும் போனது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம். 1964-ல் இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டன. ‘எங்களை யாரும் கேட்கலை’ என்றார் தாத்தா. வகுப்பில் அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குவைத்தில் ‘பிதூன்’ என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அரபியில் அதற்கு ‘இல்லாமல்’ என்று பொருள், குடியுரிமை இல்லாதவர்கள். 1959-ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பதிவு செய்யாமல் விடுபட்டவர்களும் அவர்கள் வாரிசுகளும் இன்றும் காகிதம் இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை நம் ஊர் ஆட்கள் படித்துப் புரிந்துகொள்ளும் வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோயிருக்கிறேன்.

மனித உரிமை என்பதே மேற்கத்திய சரக்கு இல்லையா?

இந்தக் கேள்வியை முஸ்லிம் பிள்ளைகளும் கேட்கிறார்கள், மற்றவர்களும் கேட்கிறார்கள். 1948 டிசம்பர் 10 அன்று பாரீஸில் உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 48, எதிர்ப்பு பூஜ்யம், ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவை 8. ஒதுங்கியவற்றில் சவூதி உண்டு. ஆதரித்தவற்றில் பாகிஸ்தான், எகிப்து, ஈரான், இராக், சிரியா, துருக்கி, ஆப்கானிஸ்தான் உண்டு. ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. திருமணத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று வாதாடியவர்களில் பாகிஸ்தானின் ஷாயிஸ்தா இக்ராமுல்லா ஒருவர்.

மதம் மாறும் உரிமையைச் சொல்லும் 18-ஆவது பிரிவுதான் பெரிய சண்டை. சவூதி எதிர்த்தது. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஸஃப்ருல்லா கான், இஸ்லாத்தின் பெயரிலேயே அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-ல் அதே பாகிஸ்தான் தன் அரசியலமைப்பைத் திருத்தி, அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று அறிவித்தது. 1984-ல் அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதே குற்றமானது. ஸஃப்ருல்லா கான் அப்போதும் உயிரோடு இருந்தார்.

இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தாலே ‘மேற்கத்திய சரக்கு’ என்ற பேச்சு யாருக்கு வசதியாக இருக்கிறது என்று தெரியும். சிறைக்குள் இருப்பவர் அதைச் சொல்வதில்லை. 2003-ல் நோபல் பரிசு வாங்கிய ஷிரீன் இபாதியும், 2023-ல் சிறைக்குள் இருந்தபடியே அதைப் பெற்ற நர்கிஸ் முகமதியும் ஈரானியப் பெண்கள். அவர்கள் கேட்டது தங்கள் மண்ணில் தங்களுக்கான உரிமை.

நூற்றுக்கு இத்தனை பேர் ஷரீஅத் வேண்டும் என்கிறார்களாமே?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 39 நாடுகளில் 38,000 முஸ்லிம்களிடம் பேசி 2013-ல் வெளியிட்ட முடிவு அது. ஷரீஅத்தை நாட்டின் சட்டமாக்க வேண்டும் என்றவர்கள் ஆப்கானிஸ்தானில் நூற்றுக்கு 99, இந்தோனேசியாவில் 72, துருக்கியில் 12, அஜர்பைஜானில் 8. வாட்ஸ்அப்பில் வருவது முதல் எண் மட்டும்தான். 99-லிருந்து 8 வரை எண் ஆடுகிறது என்றால், அது மதத்தைவிட நாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

அப்புறம், ‘ஷரீஅத்’ என்று கேட்டவுடன் கேட்பவர் மனதில் என்ன வருகிறது? ஒருவருக்கு நிக்காஹும் சொத்துப் பங்கும். ஒருவருக்கு லஞ்சம் வாங்காத தாசில்தார். வேண்டும் என்றவர்களிலேயே பல நாடுகளில் பெரும்பாலோர், அது முஸ்லிம்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அதே 72 இருக்கும் இந்தோனேசியாவில் மக்கள் ஓட்டுப்பெட்டிக்குப் போய் மதச்சார்பற்ற கட்சிகளுக்கு நிறைய ஓட்டுப் போடுகிறார்கள்.

பயம் உள்ள இடத்தில் நேரடிக் கேள்விக்கு நேர்மையான பதில் வராது. அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு பாதி ஆட்களுக்கு மூன்று வாக்கியம் கொடுத்து, ‘இதில் எத்தனை உங்களுக்குச் சரி? எது என்று சொல்ல வேண்டாம், எண் மட்டும்’ என்பார்கள். மறு பாதிக்கு அதே மூன்றோடு ‘அதிபரை எனக்குப் பிடிக்கவில்லை’ மாதிரி ஒரு வாக்கியம் கூட இருக்கும். இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. தனி ஆள் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. மேனேஜரைப் பற்றி எஸ்டேட்டில் கேட்க வேண்டுமானாலும் நான் இப்படித்தான் கேட்பேன்.

பெண்கள் நிலையைப் பற்றி மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை. ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி மூடிக்கிடக்கிறது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது. இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் முழுப் படமும் அதுவல்ல. துனீசியா 1956-லேயே பலதாரமணத்தைத் தடை செய்தது. செனகலில் 2010-ல் வேட்பாளர் பட்டியலில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, 2012 தேர்தலில் 150 இடங்களில் 64 பெண்களுக்குப் போனது. 2024-ல் நம் மக்களவையில் 543 பேரில் பெண்கள் 74. இந்த எண்ணைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, ‘நிஜமாகவா டீச்சர்?’ என்று இரண்டு முறை கேட்டாள்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தோனேசியக் கதை. 2017 ஏப்ரலில் சிரிபோன் நகரில் பெண் உலமாக்கள் மாநாடு கூட்டினார்கள். குர்ஆனையும் ஹதீஸையும் எடுத்துவைத்துக்கொண்டு, குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது கடமை என்று ஃபத்வா கொடுத்தார்கள். அடுத்த வருடம் அரசியலமைப்பு நீதிமன்றம், பெண்ணுக்குக் குறைந்த வயது வைத்த சட்டம் பாகுபாடு என்றது. 2019-ல் பெண்ணின் திருமண வயது 16-லிருந்து 19 ஆனது. மார்க்க அறிவு, வீதிப் போராட்டம், நீதிமன்றம் மூன்றும் ஒரே பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

என் அம்மா ஒரு சொத்துத் தகராறில் ஒரு ஜமாஅத்துக்கு மனு கொடுத்தார். உள்ளே ஆண்கள் உட்கார்ந்து மஷூரா செய்தார்கள், கலந்து பேசினார்கள். அம்மா வெளியே படிக்கட்டில் நின்றார், அவருடைய வழக்கை அவரே சொல்ல விடவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. புதுக்கோட்டையில் தாவூத் ஷெரீஃபா பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் தொடங்கினார் என்று பின்னால் படித்தபோது, அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. கலந்து பேசி முடிவெடு என்று குர்ஆன் சொல்கிறது. அந்தக் கலந்து பேசுதலில் யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் என் ஆராய்ச்சி முழுக்க.

எங்கள் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பயன் அக்கா?

பந்தலூர் பக்கமிருந்து வரும் ஒரு பெண் கேட்டது. உங்களுக்குத்தான் முதலில் பயன்.

கஃபாலா முறை தெரியும் அல்லவா? கபீல் என்கிற முதலாளியின் பெயரில்தான் விசா, இக்காமா என்கிற தங்கும் அனுமதி எல்லாம். அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது, பல இடங்களில் நாட்டை விட்டே வர முடியாது என்றிருந்தது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு என்றாலும் நடக்கிறது. கத்தார் 2020-ல், வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டாம் என்று ஆக்கியது. 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. அதே மாதம் சவூதியும் விதியைத் தளர்த்தியது, ஆனால் வீட்டு வேலை செய்பவர்களையும் வீட்டு டிரைவர்களையும் அதில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உரிமை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இது மார்க்கத்தில் வந்த முறை என்று பலர் நினைக்கிறார்கள். பஹ்ரைனைப் பற்றி உமர் அல்ஷிஹாபி செய்த ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. 1920-களில், முத்துக்குளிக்கும் படகுகளில் வேலைக்கு வந்த வெளியூர் ஆட்களைக் கட்டுக்குள் வைக்க பிரிட்டிஷ் அதிகாரிகள் செய்த ஏற்பாட்டில் அதன் வேர் இருக்கிறது என்று காட்டுகிறார்.

இதைக் கேட்டதும் தாத்தா, ‘துண்டு மாதிரி’ என்றார். இலங்கைத் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் போக முடியும். 1921-ல் அதை ஒழித்தார்கள். தாத்தாவின் தாத்தா காலத்துச் சங்கதி, ஆனால் அந்த வார்த்தை வீட்டில் உயிரோடு இருந்திருக்கிறது. கபீலின் கடிதமும் கங்காணியின் துண்டும் ஒரே பேரரசின் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களாக இருக்கலாம். யாராவது இதை எடுத்து ஆராய வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

ஜனநாயகத்துக்கும் சுதந்திரத்துக்கும் நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறார்களே, நம்பலாமா?

பயன்படுத்தலாம், சாமி கும்பிட வேண்டாம். அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு 1973 முதல் போடுகிறது. ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் வி-டெம் என்ற ஆய்வுத் திட்டம் 1789 வரை பின்னோக்கிப் போகிறது. எதை எண்ணுகிறார்கள், யார் எண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதே அளவுகோலை நம் நாட்டுக்கும் வையுங்கள். ஃப்ரீடம் ஹவுஸ் 2021-ல் இந்தியாவை ‘ஓரளவு சுதந்திரம்’ என்ற வரிசைக்கு இறக்கியது, நம் அரசு அதை மறுத்தது. இரண்டையும் படியுங்கள்.

நான் முஸ்லிம் இல்லை. நான் இதை ஆராயலாமா?

தாராளமாக. நான் முஸ்லிம் என்பதால் எனக்குச் சில கதவுகள் திறக்கும், சிலவற்றை நான் பார்க்காமலே தாண்டிப் போவேன். உங்களுக்கு நேர்மாறாக இருக்கும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

கூடலூரில் உட்கார்ந்துகொண்டு எங்கே தொடங்குவது?

மலேசியாவில் தொடங்குங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடு, ஆனால் அதன் அரசியலைத் தமிழிலேயே படிக்கலாம். அங்கே தமிழ் நாளிதழ்கள் உண்டு. ‘தமிழ் நேசன்’ 1924-ல் தொடங்கி 2019 வரை வந்தது. 2007 நவம்பரில் நேர்மையான தேர்தல் கேட்டு பெர்சே பேரணி நடந்தது, அதே மாதம் அங்குள்ள இந்திய வம்சாவளித் தமிழர்கள் தங்கள் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் பேரணி நடத்தினார்கள். 2008-ல் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. 2018 மே 9 அன்று, சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆட்சியையே இழந்தது. தோட்டத்துத் தமிழர்களின் கோபத்துக்கு அந்த மாற்றத்தில் என்ன பங்கு? இந்தக் கேள்வியை நீலகிரிக்காரர் கேட்டால் நன்றாகக் கேட்பார்.

அல்லது நம் பக்கத்திலேயே தொடங்கலாம். தேவாலா, சேரம்பாடி, பந்தலூரில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுடைய இக்காமாவும் ஒப்பந்தத் தாளும் அலமாரியில் இருக்கும். பேசப் போகும்போது, எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பதிவு செய்யும் போனை எதிரில் தெரிகிற மாதிரி வையுங்கள். பெயர், ஊர், முதலாளி பெயர் எதுவும் நோட்டில் வேண்டாம், ஒரு எண் போதும். திரும்பவும் போக வேண்டியவர்கள் அவர்கள். நடுவில் ‘இதை எழுதாதேம்மா’ என்றால் பேனாவை மூடிவிட்டு டீயைக் குடியுங்கள், மீதியைக் கேளுங்கள், எழுதாதீர்கள்.

அடுத்த ஞாயிறு மலேசியாவின் 2008 தேர்தல். லாரி ஓட்டியவர் தன்னுடைய பழைய ஒப்பந்தத் தாளைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அரபி எழுத்து வாசிக்கத் தெரிந்த மதரஸாப் பிள்ளைகள் யாராவது தவறாமல் வாருங்கள், உங்கள் உதவி வேண்டும்.